காது கேட்காதவர்களைக் கூவிக் கூப்பிடும் இடம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தேன். விமானம், செக்யூரிட்டி எல்லாம் ஒழுங்காகவே போனது. காது மெஷினைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் வந்த கையோடு வலது காது மெஷின் செத்துப்போனது. பேட்டரியாக இருக்கும் என்று புது 312 சைஸ் பேட்டரி ஒன்றை எடுத்து, பழுப்பு ஸ்டிக்கரை உரித்து, ஒரு நிமிடம் காற்றுப் பட வைத்துப் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம்.

மெஷின் விற்று, ரிப்பேரும் பார்க்கிற ஒரு சென்டருக்குப் போனேன். வழக்கம்போல நோட்டில் பெயர் எழுதிவிட்டு உட்கார வேண்டும், கூப்பிடுவார்கள். எப்படி? உள்ளே இருந்தபடியே, தலையைக்கூட நிமிர்த்தாமல், வாயால்! அந்த ஹாலில் இருப்பவர்களில் பாதிப் பேருக்குக் காது கேட்காது. தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடுகிறது, மூலையில் டிவி யாருக்காகவோ அலறுகிறது. ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு இதில் பெயரை எங்கே பிரிப்பது? பக்கத்தில் இருந்த பெரியவர் ஒவ்வொரு குரலுக்கும் பாதி எழுந்து, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். எனக்குப் பின்னால் வந்தவர்கள் வேலை முடிந்து கிளம்பவும், எழுந்து போய் நோட்டைப் பார்த்தேன். கூப்பிட்டும் வரவில்லை என்று என் பெயரை அடித்து வைத்திருந்தார்கள்.

"நம்பர் போர்டு ஒண்ணாவது வைக்கலாமே, தம்பி?"

"எல்லாரும் துணைக்கு ஆளோடதான் சார் வருவாங்க. நீங்க ஏன் தனியா வந்தீங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது! நான் இருக்கும் நாட்டில் திரையில் நம்பர் வரும். மேசையில் காதுப் படமும் T எழுத்தும் ஒட்டியிருந்தால், மெஷினுக்குள் இருக்கும் டி-காயில் என்ற சின்னக் கம்பிச்சுருளுக்கு மாற்றினால் போதும், மைக்கில் பேசுவது நேராகக் காதுக்குள் வந்துவிடும். தனியாகப் போவதை அங்கே யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை.

ஆனால் உள்ளே இருந்த பெண் வேறு ரகம். முகத்தை நேராகப் பார்த்து, கத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசினார். மெஷினை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தீக்குச்சி மாதிரி ஒரு குச்சியை எடுத்தார். ஒரு முனையால் ரிசீவர் (காதுக்குள் போகும் குட்டி ஸ்பீக்கர்) நுனியிலிருந்த மெழுகுத் தடுப்பைக் குத்தி இழுத்தார். கடுகளவு இருந்த அந்த வெள்ளை வளையம் அழுக்கும் ஈரமுமாக அடைத்துக் கிடந்தது. மறுமுனையால் புதியதை அழுத்தினார். டிவி அலறல் முழுசாகத் திரும்பி வந்தது! அவ்வளவுதான், பணம்கூட வாங்கவில்லை. இதே வேலைக்கு அங்கே அப்பாயின்ட்மென்ட் வாங்கி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"வேர்வைதான் சார். ராத்திரி கழட்டினதும் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல மூடி வைங்க" என்றார். ஊருக்குப் போகிறேன் என்று அங்கே என் ஆடியாலஜிஸ்டிடம் (காது கேட்கும் திறனைச் சோதித்து மெஷின் பொருத்துபவர்) சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். நல்லபடியாகப் போய் வாருங்கள் என்று வாழ்த்தியவர், வேர்வையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.