ஜிஆர்இ மாக் டெஸ்ட்: எந்த ஸ்கோரை நம்பலாம்?

வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஜிஆர்இ என்ற நுழைவுத் தேர்வை எழுதப் போகிற எல்லோரும் கேட்பது இதைத்தான்: மாக் டெஸ்டில், அதாவது மாதிரித் தேர்வில், வாங்கிய ஸ்கோர் பரீட்சையிலும் வருமா? பரீட்சையை நடத்தும் இடிஎஸ் தருகிற பவர்பிரெப் டெஸ்டை நேரம் வைத்து, முதல் தடவையாக எழுதி வாங்கியது என்றால் ஏறக்குறைய வரும். மற்ற கம்பெனிகளின் மாக் என்றால் கேள்விகளைப் போட்டுப் பழகுங்கள், கடைசியில் வரும் நம்பரைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பவர்பிரெப் ஆன்லைனில் இரண்டு முழு டெஸ்ட் இலவசம், இடிஎஸ் தளத்தில் கணக்கு தொடங்கினால் போதும். அதில் எனக்கு குவாண்ட் (கணக்குப் பகுதி) 163, வெர்பல் (ஆங்கிலப் பகுதி) 154 வந்தது, ஒவ்வொன்றுக்கும் ஸ்கோர் 130-லிருந்து 170 வரை. பரீட்சையில் 165, 153. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை உண்மையான பரீட்சையை எழுதினாலே ஒன்றிரண்டு புள்ளி கூடக் குறைய வரும், அதனால் இதைவிடத் துல்லியமாக எந்த டெஸ்டிடமும் எதிர்பார்க்க முடியாது.

அதே சமயத்தில் காசு கொடுத்து வாங்கிய இன்னொரு மாக் வரிசையில் (பெயர் வேண்டாம்) குவாண்ட் 156-ஐத் தாண்டவே இல்லை, வெர்பல் மட்டும் 160 என்று காட்டியது. இரண்டுமே தப்பு, அதுவும் எதிரெதிர்ப் பக்கம். ஏன் என்று கேள்விகளைத் திரும்பப் பார்த்தால் புரிகிறது. அவர்களுக்குக் கஷ்டமான கணக்கு என்றால் நீளமான கணக்கு, பெருக்கி வகுத்தே நேரம் போய்விடும். இடிஎஸ் அப்படிக் கேட்பதில்லை. எக்ஸ் பூஜ்ஜியமாக இருந்தால், நெகட்டிவாக இருந்தால், பின்னமாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காதவரை மாட்டிவிடுகிற இரண்டு வரிக் கேள்வியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வெர்பலில் கதை தலைகீழ். அந்த மாக்கில் அபூர்வமான வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரிந்தால் மார்க், அதனால் வார்த்தைப் பட்டியலை உருப்போட்ட எனக்கு ஸ்கோர் ஏறியது. இடிஎஸ் வாக்கியத்தில் வார்த்தை தெரிந்தாலும், அந்த வாக்கியம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பிடிபடாவிட்டால் விடை கிடைக்காது.

ஸ்கோர் போடும் முறையும் ஒரு காரணம். குவாண்டில் முதல் பகுதி 12 கேள்வி, 21 நிமிடம். அதில் நீங்கள் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் 15 கேள்வி, 26 நிமிடம் கொண்ட இரண்டாம் பகுதி சுலபமானதா கடினமானதா என்று முடிவாகும், அதனால் இரண்டு பேருக்கு ஒரே எண்ணிக்கையில் விடை சரியாக இருந்தும் ஸ்கோர் வேறாக வரலாம். ஒரு கேள்வி எவ்வளவு கடினம் என்பதற்கு இடிஎஸ்ஸிடம் உண்மையான பரீட்சை எழுதியவர்களின் விடைகள் இருக்கின்றன. மற்றவர்களிடம் அது கிடையாது, 130-லிருந்து 170-க்குள் ஒரு நம்பரை அவரவர் கணக்குப்படி போடுகிறார்கள்.

நான் போன கோச்சிங் சென்டரில் சேரும் நாளன்று ஒரு டெஸ்ட் வைத்தார்கள், கிட்டத்தட்ட எல்லோருக்கும் பரிதாபமான ஸ்கோர். கோர்ஸ் முடிவில் இன்னொன்று வைத்தார்கள், எல்லோருக்கும் அமோகமாக ஏறியிருந்தது. இரண்டுமே அவர்களே தயாரித்தவை. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பவர்பிரெப்பை எழுதுவதிலும் கவனம் வேண்டும். ஒரே டெஸ்டை மறுபடி எழுதினால் பெரும்பாலும் அதே கேள்விகள்தான் வரும், அப்போது ஏறுகிற ஸ்கோர் ஞாபக சக்திக்கு. அப்புறம், வீட்டிலிருந்தே பரீட்சை எழுதப் போகிறீர்கள் என்றால் காகிதத்தில் கணக்குப் போட விடமாட்டார்கள், அழித்து எழுதும் சின்ன வெள்ளைப் பலகை போன்ற ஒன்றுதான். மாக்கையும் அதே பலகையில் போட்டுப் பாருங்கள், வேகம் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். 2023 செப்டம்பரில் பரீட்சையை 1 மணி 58 நிமிடமாகச் சுருக்கிவிட்டார்கள், முன்பு மூன்றே முக்கால் மணி நேரம். அதற்கு முந்தைய பழைய முழு டெஸ்ட்கள் டெலிகிராமில் இன்னும் சுற்றுகின்றன, கேள்விகளுக்காக வைத்துக்கொள்ளலாம், ஸ்கோர் பார்க்க உதவாது.

பவர்பிரெப்பிலும் குறை இல்லாமல் இல்லை. இலவச டெஸ்டில் எது சரி எது தப்பு என்று மட்டும் சொல்கிறது, விளக்கம் கிடையாது. பரீட்சையில் எழுத வேண்டிய கட்டுரைக்கும் மார்க் போடாது. பவர்பிரெப் பிளஸ் என்ற கட்டண டெஸ்டில் இரண்டும் உண்டு, நான் வாங்கியபோது ஒன்று 40 டாலர் அளவில் இருந்தது. நம் ஊர்க் காசுக்கு அது அதிகம்தான். மொத்தம் மூன்று இருக்கின்றன, மூன்றையும் வாங்க வேண்டியதில்லை. இலவசம் இரண்டையும் முடித்துவிட்டு, நீங்கள் விண்ணப்பிக்கிற கல்லூரிக்கு வேண்டிய ஸ்கோருக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறீர்கள், தேதியைத் தள்ளிப்போடலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருக்கிறது என்றால் ஒன்றே ஒன்று வாங்குங்கள்.