பிள்ளையின் சுருதிக்கு இசைந்து வரும் இணையப் பாடம் எது?

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கத் தொடங்கியபின், "பாட்டுக் கற்றுக்கொள்ள எந்த ஆப் நல்லது, டீச்சர்?" என்று என்னிடம் கேட்கும் பெற்றோர் பெருகிவிட்டார்கள். மதுரை நகருக்குள் இருப்பவர்களைவிட உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துக்காரர்களே அதிகம் கேட்கிறார்கள். பள்ளியில் பாட்டு ஆசிரியர் இல்லை, பக்கத்துத் தெருவிலும் இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு அப்பாவின் கைபேசிதான் முதல் வாத்தியார். ஆகவே இந்தக் கேள்விக்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் நான் ஒரே அளவுகோலால்தான் அளக்கிறேன். பாடம் பிள்ளையின் சுருதிக்கு, அதாவது அதன் குரலுக்கு வசதியான உயரத்துக்கு வருகிறதா, அல்லது பிள்ளையைத் தன் சுருதிக்கு இழுக்கிறதா? சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வோம், எண் கூடினால் சுருதி உயரும். ஆண் பாடகர்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு, பையனோ பெண்ணோ, 5 கட்டை அல்லது அதன் அக்கம்பக்கம்தான் வசதி. 1 கட்டைப் பாடத்தோடு அந்தப் பிள்ளை சேர்ந்து பாடினால் கீழே குரல் எழும்பாது. ஒரு ஸ்தாயி (ச-விலிருந்து மேல் ச வரையான அடுக்கு) ஏறிப் பாடினால் மேல் பஞ்சமத்துக்கு, அதாவது மேல் ப-வுக்குப் போகும்போது கத்த வேண்டிவரும். தொடர்ந்து கத்திப் பழகிய தொண்டையைத் திரும்பச் சீர்செய்வது எவ்வளவு பெரிய பாடு என்பது பாட்டு சொல்லிக்கொடுப்பவர்களுக்குத் தெரியும்.

யூடியூபிலிருந்து தொடங்குகிறேன், எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். கர்நாடக இசையின் முதல் பயிற்சியான 'சரளி வரிசை' என்று தேடினால் வந்து குவிகிறது. இலவசம், தமிழிலேயே நிறைய இருக்கிறது, நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். வேகத்தைக் குறைக்கும் வசதி உண்டு, 0.75-ல் வைத்தால் பிள்ளை நிதானமாகப் பின்தொடரலாம். ஆனால் வேகம் குறையுமே தவிர சுருதி மாறாது. எனவே பாடுகிறவரின் புகழைப் பார்க்காமல் அவருடைய கட்டையைப் பாருங்கள். 5, 5½ கட்டையில் பாடும் பெண் ஆசிரியர்களின் காணொளிகள் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருந்தும். ஒவ்வொரு வரிக்கும் பின் பிள்ளை திருப்பிப் பாட இடைவெளி விடுகிறாரா என்பது அடுத்த சோதனை. இடைவெளி விடாத பாடத்தைப் பிள்ளை வேடிக்கை பார்க்கும், பாடாது.

காணொளியைவிட ஒலிப்பாடம் மேல் என்பது என் உறுதியான எண்ணம். சிவ்குமார் டாட் ஆர்க் என்ற தளத்தில் சரளி, ஜண்டை, அலங்காரம், கீதம் தொடங்கி வர்ணம், கீர்த்தனைகள் வரை சுரக்குறிப்பும் ஒலிப்பதிவும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு டேட்டா செலவே இல்லை. அப்பா வேலைக்குப் போய்விட்டாலும் வீட்டில் கிடக்கும் பழைய கைபேசியில் ஓடும். யூடியூபில் இல்லாத இன்னொரு வசதியும் ஒலிக்கோப்பில் கிடைக்கிறது. ஆடாசிட்டி என்ற இலவசக் கணினி மென்பொருளில் கோப்பைத் திறந்து, வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் அரைக்கட்டை, ஒரு கட்டை ஏற்றலாம், இறக்கலாம். ஐந்தாறு அரைக்கட்டைக்கு மேல் மாற்றினால் குரல் இயல்பு கெட்டு ஒலிக்கும் என்பதால் அளவோடு செய்யுங்கள். இந்தத் தளத்தின் குறை, குறிப்புகள் ரோமன் எழுத்தில் இருப்பது. ஆறாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளை அதைப் படித்துத் திணறும். பெரியவர் யாராவது உட்கார்ந்து 'ச ரி க ம' என்று நோட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிட மனமிருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல இலவசப் பாடம் நான் பார்த்ததில்லை.

இனி, வகுப்பறைக்கு. இங்கே என் தேர்வு கூகுள் 2016-ல் வெளியிட்ட குரோம் மியூசிக் லேப். கணக்குத் தொடங்க வேண்டாம், எதையும் நிறுவ வேண்டாம், உலாவியில் திறந்தால் போதும். அதிலுள்ள சாங் மேக்கர் என்ற பகுதியில் திரை முழுக்கக் கட்டங்கள் வரும். இடமிருந்து வலமாகக் காலம் ஓடும். கீழிருந்து மேலாகச் சுரம் ஏறும். தொட்ட கட்டம் நிறம் மாறி ஒலிக்கும். நமக்கு முக்கியமானது அதன் அமைப்புப் பக்கம். தொடக்கச் சுரத்தை அங்கே நாமே தேர்ந்துகொள்ளலாம்: ஜி என்று வைத்தால் 5 கட்டை, ஏ என்று வைத்தால் 6 கட்டை. முதலில் பிள்ளைகளைப் பாடவிட்டு, அவர்களுக்கு எது வசதி என்று காதால் பார்த்து, அதற்கேற்ப இயந்திரத்தை வைக்கலாம்.

அதே பக்கத்தில் மூன்று வகைச் சுர அடுக்குகள் இருக்கின்றன. மேஜர் என்பது சங்கராபரண ராகத்தின் சுரங்கள். பென்டாடோனிக் என்பது ச ரி க ப த, அதாவது மோகன ராகத்தின் சுரங்கள். நாம் முதல் பாடம் தொடங்கும் மாயாமாளவகௌளை ராகம் இவை இரண்டிலும் வராது. பன்னிரண்டு சுரத்தானங்களும் உள்ள குரோமாட்டிக்கை எடுத்துக்கொண்டு, கீழிருந்து 1, 2, 5, 6, 8, 9, 12 ஆகிய வரிசைகளை மட்டும் தொட வேண்டும். 13-ஆவது மேல் ஷட்ஜம், அதாவது மேல் ச. எங்கள் பள்ளியின் கணினி அறையில் இதைத் திரையில் போட்டுக் காட்டியபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "டீச்சர், கீழ்ப்பாதி மாதிரியேதான் மேல்பாதியும் இருக்கிறது" என்றான். சரியாகப் பிடித்துவிட்டான். ச-வும் ரி-யும் ஒட்டியிருக்கும், பிறகு இரண்டு வரிசை காலி, பிறகு க-வும் ம-வும் ஒட்டியிருக்கும். ப-வில் தொடங்கி மேல் ச வரையிலும் அதே அமைப்புதான். பூர்வாங்கம் (கீழ்ப்பாதி), உத்தராங்கம் (மேல்பாதி) என்று பலகையில் எழுதி நான் விளக்கியிருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும்.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அங்கே கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, கிடையாது. ஒவ்வொரு சுரமும் அசையாமல் நிற்கும். மோகனத்தின் சுரங்களை அடுக்கலாம், மோகனத்தைப் பாட வைக்க முடியாது. சுரத்தானத்தைக் கண்ணுக்கும் காதுக்கும் காட்ட அது போதும். ராகத்துக்கு மனிதக் குரல் வேண்டும்.

சாங் மேக்கரோடு நான் சேர்த்து வைப்பது சிலப்பதிகாரம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இலவச மின்னூல்களில் முழு நூலும் இருக்கிறது. மதுரைக் காண்டத்தில் வரும் ஆய்ச்சியர் குரவையில், ஆயர் மூதாட்டி மாதரி ஏழு ஆயர் மகளிரை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஆளுக்கொரு சுரத்தின் பெயர் வைக்கிறாள். இதை வகுப்பில் அப்படியே செய்யலாம். ஏழு பிள்ளைகள் வட்டமாக நிற்கட்டும், ஆளுக்கொரு சுரம் கொடுங்கள், நீங்கள் கை காட்டும் பிள்ளை தன் சுரத்தைப் பாடட்டும். கூச்சப்பட்டு வாயே திறக்காத பிள்ளைகூடத் தன் முறை வந்தால் பாடிவிடும், ஒரு சுரம்தானே. அந்தக் குரவையிலேயே முல்லைத் தீம்பாணி என்ற பெயரும் வருகிறது. அதை இன்றைய மோகனம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வட்டத்திலிருந்து உழையையும் (ம) தாரத்தையும் (நி) உட்காரச் சொல்லிவிட்டு, மீதி ஐவரைப் பாடவைத்தால் திரையில் பென்டாடோனிக் என்று பார்த்தது பிள்ளைகளின் வாயிலிருந்தே வரும்.

தேவாரத்துக்கு தருமபுரம் ஆதீனத்தின் தேவாரம் டாட் ஆர்க் ஒன்றே போதும். பன்னிரு திருமுறைப் பாடல்களும் பண்ணும் (பழந்தமிழ் ராகம்) உரையும் இருக்கின்றன, ஓதுவார் குரலில் கேட்கவும் முடியும். மதுரைப் பிள்ளைக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது சம்பந்தர் இந்த ஆலவாயில் பாடிய திருநீற்றுப் பதிகம். இரண்டாம் திருமுறை, காந்தாரப் பண். அடிதோறும் 'நீறு' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதால் சீக்கிரம் மனத்தில் நிற்கும். ஓதுவார் சுருதி ஆண் சுருதி என்பதால் கேட்க மட்டும் வைத்து, சுருதி ஒலிக்கும் தம்பூரா ஆப்பைப் பிள்ளையின் கட்டைக்கு வைத்துவிட்டுப் பாட்டைப் பாடச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் தான்புரா டிராய்டு இலவசம். பல சமயப் பிள்ளைகள் கலந்திருக்கும் பள்ளி வகுப்புக்குச் சிலப்பதிகாரமே பொருத்தம், தேவாரம் வீட்டுக்கு.

நேரலை வகுப்பு மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் மேலாக இருந்திருக்க வேண்டும். ஆசிரியர் பிள்ளையின் சுருதிக்கு வரக்கூடிய ஒரே வழி அதுதான். ஆனால் இணையத்தில் ஒலி போய்ச் சேரத் தாமதம் ஆவதால் இருவரும் ஒரே நேரத்தில் பாட முடியாது. ஒருவர் மாற்றி ஒருவர்தான். அதோடு ஜூம் போன்ற செயலிகள் விடாமல் ஒலிக்கும் தம்பூராவை இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அடக்கிவிடும். ஒலியை மாற்றாமல் அனுப்பும் அமைப்பு ஜூமில் உண்டு, அதை இரு பக்கமும் போட்டுவைக்க வேண்டும். தம்பூராவைப் பிள்ளையின் பக்கத்தில் தனிக் கைபேசியில் ஓடவிடுவது அதைவிட நல்லது. முப்பது பிள்ளைகளை ஒரே திரையில் அடைக்கும் கூட்டு வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ஒலியை எல்லோருக்கும் அணைத்துவிட்டு ஆசிரியர் மட்டும் பாடும் வகுப்பு, யூடியூபில் இலவசமாகக் கிடைப்பதுதான். ஒருவருக்கு ஒருவர், வாரம் அரை மணி நேரம் என்றாலும் அதற்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

சிம்ப்ளி பியானோ, யூசிஷியன் போன்ற சந்தா ஆப்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நாம் வாசிப்பதைக் கைபேசியே கேட்டுச் சரியா தவறா என்று சொல்லும் தொழில்நுட்பம் நன்றாகவே வேலை செய்கிறது. கீபோர்டு வாங்கி மேற்கத்திய முறையில் டிரினிட்டி என்ற இசைத் தேர்வுப் பக்கம் போக நினைக்கும் பிள்ளைக்கு உதவும். அதற்கும் முன், மியூசிக்தியரி டாட் நெட்டில் இலவசப் பாடங்களை முடித்துவிட்டு ஆர்வம் நிற்கிறதா என்று பார்த்துச் சந்தா கட்டுங்கள். கர்நாடக இசைக்கு இவற்றில் ஒன்றுமில்லை.

நாதசுரமும் தவிலும் கற்க விரும்பும் பிள்ளைக்கு இணையத்தில் நான் எதையும் காட்ட மாட்டேன். சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த ஊரில், சீவாளி (நாதசுரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல்) பிடிப்பதையும் மூச்சு அடக்குவதையும் திரையில் பார்த்துக் கற்க வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பசுமலையில் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. சிறு பிள்ளைகள் பாட்டும் நடனமும் கற்க ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. பஸ் ஏறி அங்கே போய் நேரில் விசாரியுங்கள்.