பழைய ஆறு சக்கர நீர்-நில வாகனம்: விலை பேசுமுன் தரைத்தட்டைத் தூக்கிப் பாருங்கள்

கனடாவின் ஒன்ராறியோவில், கவார்த்தா ஏரிகள் பகுதியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு காட்டுக்காணி உண்டு. அதில் பாதிக்கு மேல் சதுப்பு. அதன் கோடியில் ஒரு குளமும் குளத்துக்கு அப்பால் விறகுக்கு ஏற்ற மேட்டு நிலமும் இருக்கின்றன. நான்கு சக்கர வாகனம் சேற்றில் புதைந்துவிடும், படகு கரையோடு நின்றுவிடும் என்பதால், தரையிலும் தண்ணீரிலும் ஓடக்கூடிய ஆறு சக்கர வாகனம் ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்தோம். புதியது எங்கள் கைக்கு எட்டாத விலையில் இருந்தபடியால் பாவித்த வாகனங்களைத் தேடினோம். இதுவரை இரண்டு வாங்கிவிட்டேன். முதலாவதில் ஏமாந்ததையும் இரண்டாவதில் கவனித்ததையும் ஒன்றாகவே எழுதுகிறேன்.

இந்த வகை வாகனங்கள் 1960களின் தொடக்கத்தில் கனடாவில் உருவான ‘ஜிகர்’ காலத்திலிருந்தே இருக்கின்றன. இன்று பழைய வாகனச் சந்தையில் ஒன்ராறியோக்காரர் அதிகமாகக் காண்பது நியூ ஹம்பேர்க் நகரில் 1967 முதல் தயாராகி வரும் ‘ஆர்கோ’. எல்லைக்கு அப்பால் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோவில் உருவான ‘மக்ஸ்’ வாகனங்களும் இடையிடையே விற்பனைக்கு வரும். பெயர் எதுவானாலும் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான். தொட்டி போன்ற உடலுக்குள் எஞ்சின், பெல்ற், கியர்ப்பெட்டி, செயின்கள் எல்லாம் அடங்கியிருக்கும். முன்சக்கரங்கள் திரும்புவதில்லை; ஒரு பக்கத்துச் சக்கரங்களைத் தடுத்து மறுபக்கத்தை ஓடவிடுவதால்தான் வாகனம் திரும்புகிறது. தண்ணீரில் அகன்ற ரயர்களின் பள்ளங்களே துடுப்பாக வேலை செய்வதால், மணிக்கு 4 அல்லது 5 கிலோமீற்றருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

முதல் வாகனத்தை விற்றவர் சாவியைத் திருகியதும் எஞ்சின் உடனே பிடித்தது. சத்தம் சீராக இருந்தது, உடல் பளபளப்பாகக் கழுவியிருந்தது. நான் அன்றைக்கே பணத்தைக் கொடுத்துவிட்டேன். அடுத்த மாதம் சதுப்பின் நடுவில் வலப்பக்கத்துச் செயின் அறுந்து, அது தொட்டிக்குள் சுருண்டு, வாகனம் ஒரே இடத்தில் வட்டமிடத் தொடங்கியது. கயிறு கட்டி அதை இழுத்தெடுக்க ஒரு பகல் முழுவதும் போயிற்று. பார்க்க வந்த அத்தான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: “எஞ்சின் சத்தத்தைக் கேட்டது சரி தம்பி, தரைத்தட்டைத் தூக்கிப் பாத்தனீரா?”

தட்டைத் தூக்கியபோது அடியில் காய்ந்த சேறும், அதன் மேல் செங்கல் நிறத்தில் மெல்லிய தூளும் படிந்திருந்தன. அந்தத் தூள், எண்ணெய் காணாத செயின் தன்னைத்தானே அரைத்துக் கொட்டிய இரும்பு. செயின் உரசி உரசிச் சட்டகத்தின் ஓரத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெள்ளியாகப் பள்ளம் விழுந்திருந்தது. பற்சக்கரத்தின் பற்கள் அரிவாள் நுனி போல ஒரே பக்கமாக வளைந்திருந்தன. இவை எல்லாம் நான் வாங்கிய நாளிலும் அங்கேதான் இருந்திருக்கும். இருக்கையையும் தட்டையும் கழற்ற எனக்குப் பத்து நிமிடம் போதுமாக இருந்திருக்கும். இது வாகனத்தின் குறையல்ல. பல வருடங்களாக எவரும் எண்ணெய்க் குப்பியோடு குனிந்து பார்க்காததன் விளைவு. விற்பவர் தட்டைக் கழற்ற மறுத்தால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செயினின் தேய்வைக் கண்ணால் மதிப்பிடாமல் அளந்தே அறியலாம். பல வாகனங்களில் உள்ள செயினின் கண்ணிகள் 5/8 அங்குல இடைவெளி கொண்டவை. அத்தகைய செயினில் 16 கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்தால் புதியது 254 மில்லிமீற்றர் இருக்கும். அது 261ஐ நெருங்கினால் செயின் முடிந்துவிட்டது. அதோடு பற்சக்கரங்களையும் மாற்றவேண்டி வரும் என்று கணக்கிட்டே விலை பேச வேண்டும். இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு பக்கத்தை ஜக் வைத்து உயர்த்தி, ஒரு சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மற்ற இரண்டும் உடனே கூடவே அசைந்தால் நல்லது. ஒரு சாண் தூரம் சும்மா சுழன்ற பிறகுதான் அவை அசைகின்றன என்றால் செயின் தளர்ந்திருக்கிறது. இறுக்கும் அமைப்பில் மேலும் இறுக்க இடம் மிச்சம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடும் விடயம் ரயர்களின் சுற்றளவு. ஒரு பக்கத்து மூன்று சக்கரங்களும் செயினால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருப்பதால், மூன்றும் எப்போதும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். அவற்றில் ஒன்று புதியதாகவும் இரண்டு தேய்ந்தவையாகவும் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பெரியது முன்னே இழுக்க, சிறியவை பின்னே இழுக்க, அந்த இழுபறி முழுவதும் செயினிலும் அச்சிலும் விழும். என் முதல் வாகனத்தில் பின் ரயர்கள் இரண்டும் புத்தம் புதியவை. அதை ஒரு நன்மையாக எண்ணி நான் மகிழ்ந்தது இப்போது வருத்தமாக இருக்கிறது. தையற்கார நாடாவால் ஆறு ரயர்களையும் சுற்றி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அளக்குமுன் காற்றழுத்தம் ஆறிலும் சமமாக இருக்க வேண்டும். இந்த ரயர்கள் சதுர அங்குலத்துக்குச் சில றாத்தல் அழுத்தத்திலேயே ஓடுபவை. கார் ரயருக்குப் பாவிக்கும் அளவுமானியால் அதைச் சரியாகக் காண முடியாது, தாழழுத்த அளவுமானி ஒன்று தேவை.

அடுத்தது அச்சுகளும் பெயரிங்குகளும். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் ‘டக்’ என்ற ஆட்டம் இருக்கக் கூடாது. கையால் சுழற்றும்போது மணல் அரைபடுவது போன்ற உணர்வும் இருக்கக் கூடாது. அச்சு உடலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில்தான் தண்ணீரைத் தடுக்கும் வளையங்கள் இருக்கின்றன. கிறீஸ் ஏற்றும் முனைகளில் பழைய கிறீஸின் சுவடே இல்லாவிட்டால் அந்த வளையங்களுக்கு உள்ளே என்ன நிலை என்று ஊகிக்கலாம். இதற்கு எளிய பரிசோதனை ஒன்றை இரண்டாவது வாகனத்தில் செய்தேன். அடிப்பக்கத்து வடிகால் அடைப்பான்களை இறுக்கிவிட்டு, அச்சுத் துளைகளின் மட்டத்துக்குத் தொட்டிக்குள்ளேயே தோட்டக் குழாயால் தண்ணீர் விட்டு, வெளியே குந்தியிருந்து பார்த்தேன். எந்த அச்சில் சொட்டுகிறது என்பது தானாகத் தெரிந்தது. நடு இடது அச்சில் மட்டும் மெதுவாகக் கசிந்தது. விற்றவர் அதை மறுக்காமல் விலையைக் குறைத்தார்.

உடலில் வெடிப்பு இருந்தால் அது எந்தப் பிளாஸ்ரிக் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வாகனங்களில் பலவற்றின் உடல் பொலிஎத்திலீனால் ஆனது. அதன் மேல் சாதாரணப் பசையோ கண்ணாடி நாரும் பிசினுமோ நிலையாக ஒட்டாது. ஆகவே அடியில் பிசின் ஒட்டுகள் தெரிந்தால், பழுது பார்த்ததாக எண்ணாமல், மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றே எண்ண வேண்டும். பிளாஸ்ரிக் வெல்டிங் செய்யப்பட்ட தடம் அழகாக இராவிட்டாலும் நம்பத்தக்கது.

ஓட்டிப் பார்க்கும்போது இரு பக்கமும் ஒரே அளவு இலகுவாகத் திரும்புகிறதா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் திருப்பும் தடியை முழுவதும் இழுக்கவேண்டி இருந்தால் அந்தப் பக்கத்துப் பிறேக் தேய்ந்திருக்கிறது. திரும்பும் ஒவ்வொரு தடவையும் பிறேக்கே வேலை செய்வதால் இங்கே அது காரை விட விரைவாகத் தேயும். கியர்ப்பெட்டி ஒயில் பால் கலந்தது போலிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று பொருள். பெல்றின் ஓரங்கள் கண்ணாடி போல மினுங்கினாலோ எரிந்த மணம் வந்தாலோ அதை மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவதானால், விசிறி மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். குளிர்காலம் முழுவதும் கொட்டிலில் நின்ற வாகனத்தில் எலிகள் புல்லும் பஞ்சும் கொண்டு கூடு கட்டியிருக்கும். அது குளிர்விக்கும் வழியை அடைத்து எஞ்சினைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். இரண்டாவது வாகனத்தில் இருக்கை மெத்தையிலிருந்து பிடுங்கிய நுரையோடு கைப்பிடி அளவு கூடு ஒன்றை எடுத்தேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருவதும் நல்லது. நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்தவர் எதையோ மறைக்க நினைக்கக்கூடும்.

ரயர்களின் மேல் மாட்டும் ரப்பர்ப் பட்டிகளைச் சேர்த்து விற்கிறார்கள் என்றால் அதைப் போனஸாக மட்டும் பார்க்கக் கூடாது. பட்டி போட்டு ஆழமான பனியில் உழைத்த வாகனத்தின் செயினும் அச்சும் ரயரில் மட்டும் ஓடியதை விடப் பல மடங்கு பாரம் இழுத்திருக்கும். பனி ஏரிக்காக வாங்குவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மெல்லிய பனிக்கட்டி உடைந்து விழுந்தால் இது மிதக்கும், ஆனால் உடைந்த விளிம்பில் தானாக ஏறி வருவது மிகவும் கடினம். உயிர்காப்பு அங்கியும் கயிறும் இல்லாமல் எவரையும் ஏற்ற வேண்டாம்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, சட்டகத்தில் பொறித்த இலக்கமும் உரிமைப் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் அந்த இலக்கத்தைக் கொண்டு வாகனத்தின் மீது கடன் உரிமை பதிவாகியுள்ளதா என்றும் தேடலாம்; அதைச் செய்த பிறகே பணத்தைக் கொடுங்கள்.

இரண்டாவது வாகனத்தை வாங்குமுன் விற்றவரின் குளத்திலேயே அரை மணி நேரம் ஓட்டினோம். முதலில் ஒரு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி, வெளியேற்றும் பம்ப் வேலை செய்கிறதா என்று பார்த்தோம். பிறகு கரையேறித் தட்டைத் தூக்கியபோது அடியில் ஒரு தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர்தான் இருந்தது. அந்த நடு அச்சின் வளையத்தை மாற்றிய பிறகு, இந்த இலையுதிர்காலம் முழுவதும் விறகு ஏற்றிக்கொண்டு குளத்தைக் கடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கரைக்கு வந்ததும் அச்சுகளுக்குக் கிறீஸ் ஏற்றிவிட்டுத்தான் நான் வீட்டுக்குள் போகிறேன்.