ஹாலரின் ‘குளிர்காலம்’ வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஆன்லைனில் பழைய எட்சிங் (செப்புத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து எடுக்கும் அச்சுப்படம்) தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். எனக்கு 340 பவுண்ட் போய்விட்டது.

படம், வென்சஸ்லாஸ் ஹாலர் என்ற ஓவியர் 1643-ல் லண்டனில் செய்த ‘குளிர்காலம்’. குளிர்காலத்துக்கு ஆள் உருவம் கொடுக்கச் சொன்னால் அந்தக் காலத்து ஓவியர்கள் பெரும்பாலும் ஒரு கிழவரை நெருப்பு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். ஹாலரோ கறுப்பு முகமூடி போட்டு, மிருக ரோமத்தால் ஆன உறைக்குள் கையை நுழைத்துக்கொண்ட ஒரு சீமாட்டியை நிற்க வைத்தார். பின்னால் கார்ன்ஹில் தெரு, 1666 லண்டன் தீயில் எரிந்துபோன பழைய ராயல் எக்ஸ்சேஞ்ச் என்ற வணிகக் கூடத்தின் கோபுரம். தினமும் நான் வேலைக்கு நடக்கும் தெரு! அந்த ஆசையில் விலை ஏன் இவ்வளவு குறைவு என்றுகூட யோசிக்கவில்லை.

வந்தது கண்ணாடிச் சட்டத்தோடு. பின்பக்கம் பிரிக்கக் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் வேறு. பிரித்தேன். உண்மையான எட்சிங் என்றால், செப்புத் தகட்டை அமிலம் அரித்த பள்ளத்தில் மை நின்று, ஈரத்தாளை உருளையில் வைத்து அழுத்தும்போது கோடு லேசாக மேடு தட்டும், விரலில் தெரியும். இதில் வழவழ. தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் மட்டும் இருந்தது, ஆனால் அது படத்துக்குக் கோணலாக, தனியாக அழுத்தியது. பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஹாலர் ஒவ்வொரு முடியாக இழைத்த அந்த ரோமம் முழுக்கப் புள்ளி புள்ளியாக, செய்தித்தாள் சினிமா விளம்பரம் மாதிரி. இடது மூலையில் இருந்த பழுப்புக் கறையும் புள்ளிதான். கறையையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறார்கள்!

பணத்தைக் கேட்டால், ‘ஆஃப்டர் ஹாலர்’ என்றுதானே போட்டிருந்தோம் என்கிறார்கள். அவர் காலத்துக்குப் பிறகு அதே தகட்டில் எடுத்த பிரதி என்று நான் நினைத்துக்கொண்டேன். இந்த வியாபாரத்தில் அதற்கு அர்த்தம், அவரைப் பார்த்து வேறு யாரோ செய்தது. சட்டம் பிரித்ததால் திரும்ப எடுக்கவும் மாட்டார்களாம்.

வாங்கும் முன் சட்டத்துக்கு வெளியே எடுத்த படம் கேளுங்கள், ரோமத்தையும் முகமூடியையும் கிட்டத்தில், தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒன்று. தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

போன வாரம் அதே கடையில் இன்னொரு ‘குளிர்காலம்’ விற்பனைக்கு வந்திருக்கிறது. இடது மூலையில் அதே பழுப்புக் கறை.