அப்பாவின் ரிப்போர்ட்டுகள்: போனிலா, ஆபா செயலியிலா, ஃபைலிலா?

போன வருடம் அப்பாவை மதுரையில் ஒரு சிறுநீரக மருத்துவரிடம் காட்டப் போனோம். தாள்கள் எல்லாம் வீட்டில் மஞ்சள் பையில். அவற்றின் படங்கள் என் போனில். "கிரியேட்டினின் எப்ப இருந்து ஏறுது?" என்று டாக்டர் கேட்டார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு அது. கேலரியைத் தள்ளிக்கொண்டே போகிறேன். தங்கையின் வளைகாப்பு வருகிறது, கேஸ் பில் வருகிறது, ரிப்போர்ட் வரவில்லை. வெளியே டோக்கனோடு அத்தனை பேர். "சரி, புதுசா எடுத்துடலாம்" என்று எழுதிக் கொடுத்தார். புது டெஸ்டில் இன்றைய அளவு தெரியும். அது மூன்று வருடமாக மெல்ல ஏறியதா, மூன்றே மாதத்தில் ஏறியதா என்பது தெரியாது. அவருக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அதன் பிறகு மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன். இப்போது நான் ஃபைல் பக்கம்.

போனின் வசதியைச் சொல்லத் தேவையில்லை. எப்போதும் கையில் இருக்கும், வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கும் அனுப்பலாம். ஆனால் வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் சின்ன எழுத்து மங்கிவிடுகிறது. டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ ஃபிலிமை டியூப்லைட்டில் பிடித்து எடுத்த படம் டாக்டருக்கு உதவாது. ஃபிலிமையோ சிடியையோ கையோடு கொண்டு போவதுதான் சரி.

அடுத்தது ஆபா. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் கிடைக்கும் 14 இலக்க சுகாதார எண். நம் மருத்துவப் பதிவுகளை அதோடு இணைத்துச் செயலியில் பார்க்கலாம். நாடு முழுவதற்குமாக 2021 செப்டம்பரில் தொடங்கினார்கள். நாம் ஒப்புதல் கொடுத்தால்தான் டாக்டர் நம் பதிவுகளைப் பார்க்க முடியும் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் திட்டத்தில் இணைந்த மருத்துவமனையும் லேபும்தான் அதில் பதிவை ஏற்றும். நாங்கள் ரத்தம் கொடுக்கும் தெருமுனை லேப் இன்னும் இணையவில்லை. நான் பயன்படுத்தியதே நாலு மாதம்தான், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இனி ஃபைல். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், பிளாஸ்டிக் உறைகள் கோத்த சாதாரண ஃபைல்தான். புது ரிப்போர்ட் மேலே, பழையது கீழே, டிஸ்சார்ஜ் சம்மரி தனி உறையில். முதல் உறையில் கையால் எழுதிய ஒரே ஒரு தாள். என்னென்ன நோய், எந்த வருடத்திலிருந்து. 2019-இல் ஸ்டென்ட் வைத்தது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. இப்போது சாப்பிடும் மாத்திரைகள், எத்தனை மில்லிகிராம், எந்த வேளைக்கு. பிராண்டு பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதுங்கள், வேறு ஊர் டாக்டருக்கு அதுதான் புரியும். நிறுத்திய மருந்துகளும் அதில் வேண்டும். "ராமிப்ரில், 2022, வறட்டு இருமலால் நிறுத்தியது" என்ற வரி இல்லையென்றால் அதையே இன்னொருவர் திரும்ப எழுதிக் கொடுப்பார்.

என்னை ஃபைலின் பக்கம் இழுத்தது பராமரிப்பு. போனில் படம் எடுக்க ஒரு நொடி போதும். அதை அப்புறம் யாரும் அடுக்குவதில்லை. தாளை உறையில் போடும்போதே அடுக்கும் வேலை முடிந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், எங்கள் வீட்டில் அதை அம்மா செய்கிறார். நான் இருப்பது சென்னையில். அப்பாவோடு தினமும் இருப்பது அம்மா. மருந்துக் கடையிலிருந்து வந்ததும், மாத்திரையை டப்பாவில் போடுவதற்கு முன்பே, பழையதை அடித்துவிட்டுப் புதியதைத் தேதியோடு எழுதிவிடுவார். என் போனில் இருப்பதை அவரால் திருத்த முடியாது.

இரண்டாம் முறை போனபோது அந்தத் தாளைத்தான் நீட்டினோம். மஞ்சள் பையைக் கொட்டி, கிரியேட்டினினைத் தேதிவாரியாக ஒரே வரிசையில் எழுதியிருந்தோம்: 1.2, 1.3, 1.7. டாக்டர் விரலை அதன்மேல் ஓட்டி, கடைசி எண்ணில் நிறுத்தினார். "இதுக்கு முன்னால புதுசா எதாவது மாத்திரை சேர்த்தீங்களா?" கீழே அம்மாவின் எழுத்தில் இருந்தது: மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், கடையில் கேட்டு வாங்கியது. வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று சொல்லி அன்றே அதை நிறுத்தச் சொன்னார். அதுவரை எந்த டாக்டரிடமும் அப்பா அதைச் சொன்னதில்லை. சீட்டில் எழுதித் தராததை அவர் மருந்தாகவே நினைக்கவில்லை. கஷாயம், லேகியம், கடையில் கேட்டு வாங்குவது எல்லாமே அந்தத் தாளில் ஏற வேண்டும்.

ஃபைலிலும் குறை உண்டு. மழையில் நனையும், பஸ்ஸில் மறந்து வைக்கலாம். ஈசிஜி வரும் வெப்பத்தாள் வெளுத்துப்போகும். 2019-இல் எடுத்தது இப்போது வெறும் தாள். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். எங்கள் அனுபவம் சர்க்கரை, பிரஷர், சிறுநீரகத்தோடு சரி. கர்ப்பகாலத்துக்கும் குழந்தைகளுக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது.

திடீரென்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தால் ஃபைலைத் தேட நேரமிருக்காது. அதற்காக அந்த முதல் தாளை மட்டும் படமெடுத்து நாங்கள் நாலு பேரும் போனில் வைத்திருக்கிறோம். அம்மா தாளைத் திருத்தியதும் என்னைக் கூப்பிடுவார். பழைய படத்தை எல்லோர் போனிலும் அழிக்கச் சொல்லிப் புதியதை அனுப்புவது என் வேலை.