உராய்வைக் குறைக்க பாலிமரா, சர்ஃபாக்டன்ட்டா?

குழாயில் நீர் கொந்தளித்து ஓடும்போது பத்து லட்சத்தில் சில பத்து பங்கு பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு, கலந்தாலே உராய்வு பாதியைவிடக் கீழே இறங்கிவிடும். அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் 1979 முதலே இதைப் பயன்படுத்தினார்கள். சிக்கல் பம்ப்தான். அதன் சுழற்சியில் நீளமான சங்கிலி அறுந்தால் அறுந்ததுதான், மறுபடி ஊற்ற வேண்டும். சோப்பு போன்ற பொருளான சர்ஃபாக்டன்ட்டின் புழு வடிவ மைசெல்களோ (மூலக்கூறுகள் கூடிய திரள்கள்) பம்ப்பில் சிதைந்தாலும் கொஞ்ச தூரத்தில் தானாகக் கூடிக்கொள்ளும், அதனால் அதே நீர் சுற்றிவரும் வெப்பமூட்டும் அமைப்புக்கு என் ஓட்டு இதற்கே. என்ன, அளவு பல மடங்கு வேண்டும், வெப்பப் பரிமாற்றமும் குறையும்.

சரி, இரண்டையும் கலந்தால்? பாலிஎத்திலீன் ஆக்சைடு என்ற பாலிமருடன் சோடியம் டோடெசைல் சல்ஃபேட் என்ற சர்ஃபாக்டன்ட் போதிய அளவு சேர்ந்தால், மைசெல்கள் நூலில் கோத்த மணிபோல் சங்கிலியில் ஒட்டி, ஒன்றையொன்று தள்ளி, அதை விரித்துவிடும். எல்லா ஜோடியும் இப்படி ஒட்டாது.