மோடம் லாகின்: சாட்டா, எக்ஸ்பெக்ட்டா?

தொலைவிலுள்ள கணினிக்கு மோடம் வழியாகத் தொலைபேசியில் டயல் செய்து தானாக லாகின் ஆக, யுனிக்ஸ் இயங்குதள உலகில் சாட் (chat), எக்ஸ்பெக்ட் (expect) என்று இரண்டு நிரல்கள் உண்டு.

தொலைபேசி வழியே பிபிபி (PPP) எனும் நெட்வொர்க் இணைப்பை ஏற்படுத்தும் பிபிபிடி (pppd) நிரலுடன் வரும் சாட் வெகு எளிது. எதிர்பார்க்கும் சொல், அனுப்ப வேண்டிய பதில் என்று ஜோடி ஜோடியாக எழுதினால் போதும். 'login:' என்பதன் முதல் எழுத்தை விட்டு 'ogin:' என்றே எழுதுவார்கள். அது பெரிய எழுத்தாக வந்தாலும், வரும் வழியில் தொலைந்தாலும் கவலையில்லை. லைன் பிஸி என்றால் அபார்ட் (ABORT) விதி உடனே நிறுத்திவிடும். பதிலே வராவிட்டால் 45 நொடியில் கைவிடும்.

எக்ஸ்பெக்ட் டிசிஎல் (Tcl) எனும் நிரல் மொழியில் ஓடுவது. பதிலுக்கேற்பக் கிளை பிரியலாம், மறுபடி டயல் செய்யலாம், உள்ளே போனதும் விசைப்பலகையை நம்மிடமே ஒப்படைக்கலாம்.

வெறும் பிபிபி இணைப்புக்குச் சாட் தாராளம். மெனுக்களைத் தாண்ட வேண்டுமென்றால் எக்ஸ்பெக்ட்தான். அப்புறம், கடவுச்சொல்லைக் கட்டளை வரியில் போடாதீர்கள், ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் (ps) கட்டளையை அடிப்பவர் கண்ணில் பட்டுவிடும்.